அம்மனுக்கு நேர்ந்த வெள்ளிக் கால்

மண்டைக்காடு பகவதி கோயிலுக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"கால் வலிக்குக் கழுத்த ஏம்ட்டி ஸ்கேன் எடுத்தாவ?" என்றாள் ஒருத்தி.

மற்றவள் சிரித்தாள். "எக்ஸ்ரேயில எனக்க காலெலும்பு ஓட்ட ஓட்டையாட்டு இருந்து. கேன்சருன்னு வீடே அழுதுட்டு கெடந்து. பொறவு கழுத்த ஸ்கேன் எடுத்தா, அங்க ஒரு சின்ன சுரப்பி வீங்கி, எலும்புச் சத்த உறிஞ்சிட்டுல்லா இருந்திருக்கு! கேன்சர் இல்லட்டி. அத எடுத்தாச்சு. இப்போ எலும்பு மூடிட்டு வருது."

"எம்மோ, பகவதி காத்தா! ஆனா நீ வெள்ளிக் காலுல்லா நேந்த? கோளாறு கழுத்துலயாக்கும். இப்போ கழுத்துல்லா குடுக்கணும்!"

"போட்டி! எங்க வலிச்சுதுன்னு அம்மைக்குத் தெரியாதா?"

கோயில் நிறுத்தத்தில் தோழி கை நீட்டினாள். கால் நேர்ந்தவள் அதைப் பிடிக்காமலே இறங்கி நடந்தாள். அம்மே, என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.