ஒரு சொட்டு விடாமல்

“விஸ்கியில முட்டையோட வெள்ளைக்கருவ ஊத்தணும்” என்று பின் சீட்டில் ஒருவர் சொன்னதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன். முதல் ஷிப்ட் முடிந்து மைன்ஸிலிருந்து டவுன்ஷிப்புக்குத் திரும்பும் பஸ்.

“கவிச்சி அடிக்காதாண்ணே?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“அடிக்காது. அதுக்குத்தான் எலுமிச்சம்பழம். சர்க்கரையும் சேத்து ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு, கை வலிக்கக் குலுக்கு. நுரை பொங்கிகினு நிக்கும். நேத்து பாண்டி சரக்குல அப்படித்தான் பண்ணேன்.”

“வூட்லயா? அண்ணி சும்மாவா வுட்டாங்க?”

“பழமே அவ குடுத்ததுதாம்பா.”

“அண்ணியா?”

“நான் குடிய வுடணும்னு கோயில்ல மந்திரிச்சு வாங்கியாந்தா. சாறு பிழிஞ்சு, ஒரு சொட்டு வுடாம குடிக்கணும்னு பூசாரி சொன்னாராம். குடிச்சேன். ஒரு சொட்டு வுடல.”

பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்று கிளம்பியது.

“அண்ணி ஒண்ணும் கேக்கலியா?”

“காலையில கேட்டா, பழம் வேலை செய்யுதான்னு. ‘ரொம்ப நல்லா செய்யுது, இன்னும் ரெண்டு வாங்கியா’ன்னேன். சந்தோஷமா இன்னிக்கே கோயிலுக்குக் கெளம்பிட்டா.”