மேடு ஏறினா தட்டும்

...கேட்டுச்சா? இதோ, மேடு ஆரம்பிச்சதும் வருது பாருங்க... கேட்டுச்சா தம்பி? தகர டப்பால கூழாங்கல்லப் போட்டு ஆட்டுற மாதிரி! இதத்தான் நீங்க வாங்க வந்திருக்கீங்க. நான் எதையும் மறைக்கல. லாரி என்னோடது, விக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறது என் வீட்டுக்காரி. போன வாரம் ஒருத்தர் வந்தாரு. இதே மேட்டுல ஒரு தடவ ஏறினாரு, "வரேங்க"ன்னாரு. அப்புறம் வரவே இல்ல. அவருக்கு முந்தி வந்தவரு அதக்கூட சொல்லாம நடையக் கட்டினாரு.

இருங்க, வாசல்ல ஓரங்கட்டிடறேன். ஜன்னல்ல அவ நிக்கறா பாருங்க, தலையத் திருப்பாதீங்க. லாரி எப்படின்னு அவ கேட்டா, நான் ஒண்ணும் சொல்லல, நீங்களாத்தான் சத்தத்தக் கேட்டீங்க, சரியா? எறங்குங்க. கதவ இப்படிக் கொஞ்சம் தூக்கி சாத்தணும்... அட, அப்படி இல்ல, தூக்கி... விடுங்க, நானே சாத்தறேன்.

என்ன கோளாறுன்னு கேக்கறீங்களா? வாங்க, பானட்டத் தொறக்கறேன். தள்ளி நில்லுங்க, சூடா இருக்கு. இது பழைய பெட்ரோல் இன்ஜின் தம்பி, டீசல் இல்ல. பிஸ்டன் மேல ஏறி வருதா? உச்சிக்கு வர்றதுக்கு ஒரு துளி முன்னாடி ப்ளக்குல பொறி விழணும். ஒரு துளிதான்! அதுதான் டைமிங். ரொம்ப முந்தி விழுந்துச்சுன்னு வைங்க, பிஸ்டன் பாவம் இன்னும் ஏறிக்கிட்டே இருக்கும், நெருப்பு அது மண்டையில ஓங்கி ஒரு போடு போடும், இன்ஜின் தட்டுதுங்கறது அந்தச் சத்தந்தான். வீட்டுல நான் ஒரு பேச்ச ஆரம்பிக்கறதுக்குள்ள அவ பதில் சொல்லி முடிச்சிடுவா, அதே கததான்.

அதோட பெட்ரோலும் மட்டமா இருந்தா... கேக்கவே வேணாம். பங்க்ல ஆக்டேன் ஆக்டேன்னு எழுதிப் போட்டிருக்கான்ல? அத சக்தின்னு நெனச்சிக்கிட்டு இருக்கானுங்க. சக்தியும் இல்ல, சட்டியும் இல்ல. அது பொறும தம்பி, பெட்ரோலோட பொறும! ஆக்டேன் ஜாஸ்தின்னா, பொறி விழற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருக்கும். கம்மின்னா, சூடு பட்டதும் தானா வெடிக்கும். என் மச்சான் ஒருத்தன் இருக்கான், அவ கூடப் பொறந்தவன். புது ஸ்கூட்டருக்கு இருக்கறதுலயே ஒசந்த பெட்ரோலா ஊத்திட்டு, "பறக்குது மாமா"ங்கறான். பறக்கறது அவன் காசுதான்! அவன விடுங்க, அவனப் பத்திப் பேசினா பேச்சு வேற எங்கயோ போயிடும்.

எதுக்கு விக்கறீங்கன்னு கேக்கறீங்க, அதான? அவ திரைச்சீல தைக்கறா. லாட்ஜுக்காரன், ஆஸ்பத்திரிக்காரன் எல்லாம் கொண்டாந்து குடுக்கறான். தையல் மெஷின் நடையில கெடக்கு, துணிய மிதிக்காம யாரும் உள்ள போக முடியாது. லாரி நிக்கற எடத்துல ஒரு கூர போட்டா அவளுக்கு வசதி. நியாயந்தான், இல்லங்கல. எனக்கும் முட்டி போயிடுச்சு, லோடு வர்றதும் நின்னு போச்சு. ஆனா காலைல பேப்பர எடுத்துக்கிட்டு இந்தக் கேபின்லதான் வந்து உக்காருவேன். மத்தியான சாப்பாடும் இங்கதான், தூக்கமும் இங்கதான். வீட்டுக்குள்ள நான் எங்க உக்காந்தாலும் பெருக்கறதுக்கு அந்த எடந்தான் வேணும் அவளுக்கு. "கால தூக்குங்க, கால தூக்குங்க..." இங்க என்னக் கால தூக்கச் சொல்ல ஆளில்ல தம்பி. இதுவும் போச்சுன்னா நான் எங்க போயி உக்காருவேன்? அதனாலதான் சொல்றேன், நல்லா யோசிச்சுக்கங்க, அவசரமே இல்ல, வேற லாரி...

என்ன? என்ன சொன்னீங்க?

செத்துப் போச்சா? எது, இன்ஜினா? இன்ஜினக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, பாடிய மட்டும்... யோவ்! சாரி தம்பி, வாய் தவறிடுச்சு. ஆனா நீங்க அந்த வார்த்தையச் சொல்லியிருக்கக் கூடாது. பழைய இரும்பா? யாரப் பாத்து? இந்த இன்ஜின நான் கையால தொடச்சு வெச்சிருக்கேன்யா! மூட்ட மூட்டயா சிமெண்ட் ஏத்திக்கிட்டு மலையேறின இன்ஜின். ஒரு நாள் நடுவழில என்ன நிக்க வெச்சதில்ல. வந்துட்டாரு, இரும்பாம் இரும்பு!

இங்க வாங்க. வாங்கன்னா! குனிஞ்சு பாருங்க. இந்த உருண்ட டப்பா தெரியுதா, வயரெல்லாம் போகுதே? டிஸ்ட்ரிபியூட்டர், ப்ளக்குக்கு நேரம் பாத்துப் பொறிய அனுப்பறது இதுதான். அடியில ஆணியால ஒரு கோடு போட்டிருக்கேன் பாருங்க, அதுதான் இதோட சரியான எடம். இப்ப எங்க நிக்குது? கோட்ட விட்டு எவ்வளவு தள்ளி நிக்குது? அதுவா நகருமா? நான் நகத்தினேன்யா! நீங்க ஃபோன் பண்ணினீங்க, அவ "வாங்க வாங்க"ன்னு பல்லக் காட்டினா, நான் ஸ்பேனர எடுத்துக்கிட்டு வந்தேன். பொறி முந்தி விழற மாதிரி திருப்பி வெச்சேன். டாங்க்குல இருந்த நல்ல பெட்ரோல எறக்கிட்டு, மட்டத்துலயே மட்டமா பாத்து ஊத்தினேன். தட்டாம என்ன பண்ணும்? போன வாரம் வந்தவருக்கும் இதே வைத்தியந்தான். சிரிக்காதீங்க!

நட்டு லூசு பண்ணிட்டேன். இப்பப் பாருங்க, இந்தப் பக்கம்... இந்தப் பக்கம்... ஸ்ஸ்ஸா, சுட்டுடுச்சு... கோட்டுக்கு வந்தாச்சு. முறுக்கியாச்சு. ஏறுங்க. அட ஏறுங்கய்யா, பேசாதீங்க! அதே மட்டப் பெட்ரோல்தான், மாத்தல. அமுக்கம் கம்மியான பழைய இன்ஜின், டைமிங் சரியா இருந்தா இதுக்கு எந்தப் பெட்ரோலும் போதும்.

மேடு வருது. கியர எறக்க மாட்டேன், டாப்லயே மிதிக்கறேன். எங்க, தட்டுதா? காதத் தீட்டிக் கேளுங்க. தட்டுதா? பூன நடந்து போற மாதிரி போகுதா இல்லயா? பழைய இரும்பா இது? வாயத் தொறந்து சொல்லுங்க. ஹ! அப்படிச் சொல்லுங்க! இந்த மாதிரி இன்ஜின் இன்னொண்ணு நீங்க தேடினாலும் கெடைக்காது, எழுதி வெச்சுக்கங்க!

சரி, வீடு வந்தாச்சு. எறங்குங்க. பாத்தீங்களா, கதவ இப்ப நீங்களே சரியாத் தூக்கி சாத்திட்டீங்க, நல்லாப் புரிஞ்சுக்கிட்டீங்க... ஏன் தம்பி அப்படித் தடவிக் குடுக்கறீங்க பானட்ட? பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம். தம்பி? அது எங்க வீட்டு கேட்டு. எதுக்கு உள்ள போறீங்க? தண்ணி வேணும்னா என்கிட்ட இருக்கு, கேபின்லயே பாட்டில் இருக்கு... தம்பி, கொஞ்சம் நில்லுங்க, என் முட்டிக்கு இவ்வளவு வேகம் வராது...

ஐயோ, பெல்ல அமுக்கிட்டீங்களே! தம்பி, நான் சொன்னதெல்லாம் சும்மா... அந்தக் கோடு பழைய கோடு... அவ வந்துட்டா, கதவத் தொறக்கறா. உங்க காலப் புடிச்சிக்கறேன், ஒரே ஒரு வார்த்த, தட்டுதுன்னு சொல்லுங்க தம்பி! தட்டுதுன்னு சொல்லுங்க!