வழவழப்பும் சொரசொரப்பும்

பள்ளிக்கூடப் படிப்பு மட்டும் உள்ள நான் எழுத வந்தது அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பத்திலிருந்து தேனி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். மாதிரிக்குப் பெயிண்ட் அடித்த இரண்டு பலகைத் துண்டுகளை மடியில் வைத்து அந்த அம்மா தடவிக்கொண்டிருந்தார்.

"கலரு உங்க இஷ்டம். எனக்கு அதப்பத்திக் கவலையில்ல," என்றார். அதற்கப்புறம்தான் நான் காது கொடுத்தேன்.

"பார்வை இன்னும் ஒரு வருசம் இருக்கும்னுதான டாக்டரு சொன்னாக?" என்றார் கணவர்.

"இருக்கும்போதே பழகிக்கிறேன். கட்டில்ல இருந்து அடுப்படி வரைக்கும் வழவழன்னு மினுங்குறத அடிங்க. பாத்ரூமுக்குப் போற சுவத்துக்கு மினுங்காத இந்த மேட்டு பெயிண்ட்டு. கொஞ்சம் சொரசொரன்னு இருக்கு. நீங்க ஏலக்காத் தோட்டத்துக்குப் போனா சனிக்கிழமதான வர்றீக?"

"ஒரே வீட்டுல ரெண்டு தினுசா? உங்க அண்ணன் பாத்தா சிரிப்பாக."

"அவுக காபியக் குடிச்சிட்டுப் போயிருவாக. அங்கன நடக்கப்போறது நான்."

கணவர் பலகைகளை வாங்கி மாற்றி மாற்றி நீட்டினார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, விரல் பட்டதுமே "அடுப்படி", "பாத்ரூம்" என்று சொன்னார். சின்னமனூர் வரும்வரை ஒருதடவைகூடத் தப்பவில்லை. நான் சீட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, ரெண்டையும் வாங்கிருவோம்," என்றார் கணவர்.

மறுநாள் காலை நான் கண்ணை மூடி, சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். பீரோவில் முட்டிக்கொண்டேன்.