அவன் திருந்திட்டானாக்கா?

அவைக்குத் தலைமை ஏற்று, அளவுக்கு மீறிப் பேசினால் மணியடிப்பேன் என்று அன்போடு மிரட்டி அமர்ந்திருக்கும் அம்மையார் பெருந்தேவி அவர்களே! இன்று வெளியாகும் நூலை எழுதிய சகோதரி மஞ்சுளா அவர்களே! கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் கண்ணயராமல் வந்து காத்திருக்கும் தாய்மார்களே! ஷிப்டுக்கு ஷிப்டு முறை மாறி உழைத்து, முதுகு வளைந்தாலும் முகம் வாடாத என் தங்கைகளே! வாசலோடு நின்று கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்று பார்க்கும் சகோதரர்களே, உள்ளே நாற்காலி இருக்கிறது, வாருங்கள்! வந்தவர்களே, வர நினைத்தும் வர முடியாமல் போனவர்களே, உங்கள் எல்லோருக்கும் இந்த எழிலரசியின் வணக்கம்.

பேச்சைத் தொடங்குமுன் ஒரு வார்த்தை. மைக்செட் நடேசன் அண்ணே, நான் சொன்ன ஸ்பீக்கர் குழாயை நான் சொன்ன பக்கம் திருப்பிட்டீங்களா? திருப்பியாச்சா? ரொம்ப நன்றிண்ணே.

என்னை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் லைனில் நிற்கிறவள். சங்கத்து மகளிர் குழுவில் இருப்பதால் கேட் வாசலில் நாலு கூட்டம் பேசியவள். அந்தத் தைரியத்தில்தான் நம் வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் வந்து, "அக்கா, நம்ம மஞ்சுளாக்கா கதை புக்கா வருது, நீதான் வாழ்த்திப் பேசணும்" என்று அழைத்தார்கள். வாழ்த்தத்தான் வந்தேன். வாய் வந்துவிட்டது, வாழ்த்துத்தான் வர மறுக்கிறது.

நூலின் பெயர், 'எரிமலையின் ஏந்திழை'. வாரந்தோறும் செல்போனில் வந்த தொடர்கதை. கம்பெனி பஸ்ஸில் படிக்காத தங்கை உண்டா? கேன்டீன் வரிசையில் பேசாத வாய் உண்டா? நாயகன் வஜ்ரவேந்தன். பெயரைக் கேட்டாலே பெஞ்சு அதிர வேண்டும்! நூறு கம்பெனிக்கு முதலாளியாம். ஆனால் ஓர் அத்தியாயத்திலாவது அவன் ஒரு வேலை பார்த்து நான் பார்க்கவில்லை. சிரியுங்கள், சிரிக்க வேண்டியதை இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள். காலையில் கோபம், கடும்பகலில் கோபம், கண்மூடும் நேரத்திலும் கோபம். நாயகி நறுமலர் நம்மைப் போல வேலைக்குப் போகிறவள். அவளைப் பார்த்த அன்றே மணிக்கட்டை முறுக்குகிறான். பிடித்துப்போயிற்று என்றதும் வேலையை விடச் சொல்கிறான். அவளும் விட்டுவிடுகிறாள்.

ஒரே ஒரு இடத்தை வாசிக்கிறேன். "அவள் யாரோடு பேசினாள் என்று அறிந்ததும் அவன் விழிகள் சிவந்தன. மறுகணம் அவள் கன்னத்தில் உரிமையோடு அறைந்தான். வலித்தது கன்னம், இனித்தது இதயம்!"

கை தட்டுகிறீர்கள். யாரம்மா அது, விசில் வேறு? தட்டுங்கள், தட்டுங்கள். இந்த வரிக்குக் கைத்தட்டல் விழும் என்று தெரிந்துதான் வாசித்தேன். ஒருவேளை விழாமல் போய்விடாதா என்று ஒரு நப்பாசை இருந்தது. அதுவும் போயிற்று.

என் தாய்மார்களே, அந்த வரியில் ஒரு சொல் இருக்கிறது. உரிமை! எவ்வளவு பெரிய சொல் அது! கொட்டும் மழையில் கேட் வாசலில் குந்தி, தொண்டை கட்டும் வரை நாம் கூவிய சொல் அல்லவா அது? கழிவறைக்குப் போக ஐந்து நிமிடம் கேட்டு நாம் வாங்கிய சொல் அல்லவா? மறைமலை நகரிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை சுவரெல்லாம் நாம் எழுதிய சொல் அல்லவா? அந்தச் சொல் கேட்டைத் தாண்டி, பஸ் ஏறி, கதைக்குள் போய், அடிக்கிறவன் கையில் உட்கார்ந்துகொண்டது எப்போது? அனுப்பி வைத்தது யார்?

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். பிரவீனா என்று அவளுக்கு நான் பெயர் வைக்கிறேன். அது அவள் பெயர் இல்லை. உண்மைப் பெயரைச் சொன்னால் கைத்தட்டல் எனக்கு விழும், அடி அவளுக்கு விழும்.

என் லைனில் எனக்கு அடுத்த மிஷினிலும், ஹாஸ்டல் ரூமில் எனக்கு அடுத்த கட்டிலிலும் இருந்தவள். ஒருநாள் புதிதாக வந்த சூப்பர்வைசர், பெயர் பார்க்கிறேன் என்று அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தான். அவள் என்ன செய்தாள் தெரியுமா? சிவப்பு பட்டனை ஓங்கித் தட்டினாள். லைன் மொத்தமும் நின்றது. அத்தனை பேர் பார்க்க அவனிடம் சொன்னாள்: "கயுத்துல தொங்கறது கம்பெனி டேக்கு சார். கயுத்து என்னுது. பேர் வேணும்னா வாயால கேளு." மேனேஜர் ஓடி வந்தார். சூப்பர்வைசர் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் லைன் ஓடியது. அன்று அவள் சொன்ன சொல்லும் அதேதான். "இது என் உரிமை சார்." அன்று நாங்கள் எல்லோரும் அவளால் ஒரு சாண் உயரமாக வீட்டுக்குப் போனோம்.

அதே பிரவீனா. அதே மாதம். இதோ இந்தச் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தம். ஷிப்டு முடிந்து ஓ.டி.யும் பார்த்துவிட்டு நானும் அவளும் இறங்குகிறோம். அவள் காதலிக்கிறவன் டீக்கடை ஓரத்தில் நிற்கிறான். "இன்னா லேட்டு? எவன்கூடப் பேசிக்கினு வர்ற?" என்றான். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பளார்! டீக்கடையில் கண்ணாடித் தம்ளர் கழுவிய கை நின்றது. நான் பாய்ந்தேன். என்னைத் தடுத்தது அவன் இல்லை, அவள்! என் கையைப் பிடித்துக்கொண்டு, சிவந்த கன்னத்தோடு சிரிக்கிறாள். "வுடுக்கா. உனக்குப் புரியாது. அது கோவம் இல்லக்கா, உரிமை."

கழுத்தில் தொங்கிய அட்டையைத் தொட்டவனை மன்னிப்புக் கேட்க வைத்தவள், கன்னத்தைத் தொட்டவனுக்குக் காரணம் தேடிக் கொடுத்தாள். அந்தக் காரணத்துக்கு நாம் கூவிய சொல்லையே எடுத்துக்கொண்டாள். நான் எந்தக் கேட்டில் போய் இதற்குக் கோஷம் போடுவேன்?

என்னம்மா சொல்கிறீர்கள் பின்வரிசையில்? சத்தமாகச் சொல்லுங்கள். "அடிக்கிற கைதான் அணைக்கும்." ஆமாம், பழமொழிதான். என் கல்யாணத்திலும் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். இன்று நான் இருப்பது ஹாஸ்டலில். ஒன்று கேட்கிறேன் தாயே. அணைக்க வந்த கைக்கு அடிக்க என்ன வேலை? செம்பரம்பாக்கம் ஏரி திறந்து வெள்ளம் வந்தபோது, "ஆகா, தண்ணிக்கு நம்ம மேல எவ்ளோ ஆசை, வூடு தேடி வருது பாரு" என்று யாராவது சொன்னோமா? பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினோம். தண்ணீருக்கு ஓடத் தெரிந்த நமக்கு இதற்கு ஓடத் தெரியவில்லையே!

சகோதரி மஞ்சுளா தலை குனிந்து இருக்கிறார். அவரைத் திட்டிவிட்டு நான் நிம்மதியாக உட்கார்ந்துவிடலாம். அது முடியாது. போன வாரம் அவரிடம் நேரில் கேட்டேன். "ஏம்மா இவனை இப்படி எழுதுன?" அவர் சொன்னார்: "மொதல்ல நல்லவனாதான்க்கா ஒரு கதை எழுதுனேன். பாத்திரம் கழுவுவான், அவ ஷிப்டு முடிஞ்சி வந்தா சாப்டியான்னு கேப்பான். படிச்சது என் தங்கச்சியும் அவ சிநேகிதியும்தான். இவன் அறைஞ்ச வாரம் ஆயிரக்கணக்குல வந்தாங்கக்கா. அடுத்த அறை எப்போன்னு கேட்டாங்க." பொய் சொல்லவில்லை அவர். சற்று முன் கைத்தட்டியது யார்? விசிலடித்தது யார்?

உங்களையும் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஷிப்டு முழுக்க நிற்கிறோம். தையலைப் பார்ப்பார்கள், எண்ணிக்கையைப் பார்ப்பார்கள், முகத்தை யார் பார்த்தார்கள்? காய்ச்சலா என்று யார் கேட்டார்கள்? ஹாஸ்டலுக்கு வந்து போனைத் திறந்தால், கதையில் ஒருவன் ஒருத்தியின் முகத்தையே பார்க்கிறான். முறைக்கிறான். முறைத்தாலும் பார்க்கிறானே! அந்த ஒரு பார்வைக்காக அறையையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறோம்.

பிரவீனா அவனையே கட்டினாள். நறுமலர் வேலையை விட்டாள், இவளும் விட்டாள். நான் பேசப் போனால் விரட்டினான். ஒருநாள், யாரோடு இவ்வளவு நேரம் என்று அவள் போனைப் பிடுங்கித் தரையில் அடித்தான். அவள் யாரோடும் பேசவில்லை. இந்தக் கதையைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். கேட்டீர்களா கொடுமையை? வஜ்ரவேந்தனைப் படிக்கக்கூட விடவில்லை அவள் வீட்டு வஜ்ரவேந்தன்!

சங்கத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். நாங்கள் மூன்று பேர் அவள் வீட்டுக்குப் போனோம். அவனே கலர் சோடா வாங்கி வந்து தம்ளரில் ஊற்றிக் கொடுத்தான். அவன் பின்னால் நிற்க, அவள் சொன்னாள்: "எங்க வூட்ல ஒரு பிரச்சினையும் இல்லக்கா. நல்லாத்தான் கீறேன்." ஜுரம் அடிக்காத நாளில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள், சித்திரை வெயிலில். ஸ்டேஷனுக்கும் போனோம். அவள் வந்து சொன்னால்தான் புகார் எடுப்போம் என்றார்கள். அவளோ வரவில்லை. கலரைக் குடித்துவிட்டு வந்ததுதான் மிச்சம்.

மூன்று வாரத்துக்கு முன் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். அவன் எதிர்ப்புறம் வண்டியில் உட்கார்ந்திருந்தான். திரும்பாமலே, உதடு அசையாமலே கேட்டாள்.

"அக்கா, அந்தக் கதை முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சாம்டி."

"அவன் திருந்திட்டானாக்கா? எத்தினியாவது எபிசோடுல திருந்துறான்?"

நான் அதுவரை முழுதாகப் படித்ததில்லை. தெரியவில்லை என்று சொல்வதற்குள், "இன்னா அங்க பேச்சு?" என்று குரல் வந்தது. அரிசி வாங்காமல் வெறும் பையோடு வரிசையை விட்டுப் போய்விட்டாள்.

வாழ்த்திப் பேச முன்கூட்டியே கொடுத்திருந்த பிரதியை அன்று இரவே படிக்கத் தொடங்கினேன். வாழ்த்துரைக்காகப் படிக்கவில்லை, பதில் சொல்வதற்காகப் படித்தேன். இந்த அத்தியாயத்தில் திருந்துவான், அடுத்ததில் திருந்துவான் என்று ஓடினேன். கடைசியில் அவனுக்கு விபத்து. கட்டிலில் கிடக்கிறான். இப்போதாவது கேட்பான் மன்னிப்பு என்று நினைத்தேன். அழுதுகொண்டே அவன் காலைப் பிடிப்பது நறுமலர்! "உங்களைக் கோபப்படுத்தியதற்கு என்னை மன்னியுங்கள்." சுபம். அதற்குப் பிறகும் பக்கத்தைப் புரட்டினேன். பதிப்பகத்தின் விளம்பரம்தான் இருந்தது.

அம்மையார் மணியில் கை வைத்துவிட்டார். முடித்துவிடுகிறேன்.

இந்த மேடையால் யாராவது மாறுவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. புத்தகம் விற்றுப்போகும். அடுத்த வாரமே அடுத்த முரடன் வருவான். பிறகு ஏன் பேச வந்தேன்? வெளியே கட்டியிருக்கும் குழாய்களில் ஒன்றை நடேசன் அண்ணன் மண்டபத்துக்குப் பின்தெருவைப் பார்த்துத் திருப்பியிருக்கிறார். அந்தத் தெருவில் ஒரு வீட்டில் அவள் இருக்கிறாள். எந்த வீடு என்று தேடாதீர்கள். இந்தக் கதை நடக்கும் வீடு அந்தத் தெருவில் ஒன்றா, இரண்டா? எந்த ஆணும் இது என் வீடு என்று சண்டைக்கு வர முடியாது. என் வீடு இல்லை என்று சத்தியம் செய்யவும் முடியாது.

தங்கச்சி, கேக்குதா? ரேஷன் கடையில ஒண்ணு கேட்டியே, அதுக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன். உனக்கோசரம் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிட்டேன்மா. அவன்...

கேட்கிறதா? பின்தெருவில் ஒரு டி.வி. சத்தம் திடீரென்று ஏறுகிறது. யாரோ கூட்டுகிறார்கள். அவள் கூட்டியிருக்க மாட்டாள்.

நடேசன் அண்ணே, நம்ம சத்தத்தையும் ஏத்துங்க. இன்னும். இன்னும் ஏத்துங்கண்ணே.

அவன் திருந்தல தங்கச்சி! கடைசி வரைக்கும் திருந்தல! காத்துக்கினு இருக்காத. ஹாஸ்டல்ல என் ரூமுல உன் கட்டில் காலியாத்தான் கீது.

இதுவரை பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி. மணியடிக்காமல் கையை எடுத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கு நன்றி. இந்தச் சத்தத்தைத் தாண்டி எங்கோ ஒரு கதவுக்குப் பின்னால் காது கொடுத்துக்கொண்டிருப்பவளுக்கு, வணக்கம்.