துபாய் லைன்

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் என் முறைக்காக நின்றிருந்தேன். பக்கத்து பெஞ்சில் பீங்கான் கம்பெனி வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள். கழுவியும் போகாத வெள்ளை மண் நகக்கண்ணில் இருந்தது. இளையவள், துபாயிலிருந்து கணவனின் போன் வருமென்று காத்திருந்தாள்.

"போன் கம்பத்துல கம்பியத் தாங்குற பீங்கான் கப்பெல்லாம் நாமதான் செய்யறோம். நமக்கு ஒரு லைனு கெடைக்குதா பாருங்கக்கா."

"போன வாரம் பேசுனாரா?"

"பொங்கலுக்குப் பேசுனதுதான்."

மூத்தவள் பேச்சை மாற்றினாள்.

"லைனுக்கு டிக்சனரில அவ்ளோ அர்த்தம் போட்டிருக்குதாம், எம்பொண்ணு படிச்சிக் காட்னா. ரயிலு போறதும் லைனு, நோட்டுல போடறதும் லைனு, தோ இவங்கல்லாம் நிக்கிறதும் லைனு. ஆனா மொதமொதல்ல வெறும் நூலுக்கு வச்ச பேராம்டீ அது."

"நூலுக்கா?"

இளையவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூலா இருந்தா ஒரு இழுப்பு இழுத்துப் பாத்திருப்பேன்க்கா. அந்தக் கோடியில புடிச்சிருக்காரா, வுட்டுட்டாரான்னாவது தெரிஞ்சிருக்கும்."