டேரிலின் காருக்கு இரண்டு அலுமினிய ஆர்ம்கள்

பிப்ரவரி 18, புதன்.

போன வாரப் பதிவில் ஒரு சிறு பிழை செய்திருக்கிறேன். எரிக்கின் வலது கால் முறிந்தது என்று எழுதியிருந்தேன். முறிந்தது இடது கால். இன்று அவன் வீட்டுக்குப் போனபோதுதான் கவனித்தேன். மாவுக்கட்டு போட்ட கால் எது என்பதில்கூடத் தடுமாறுகிறவன் நான். மெஷின் வேலை படிக்கும் மாலை வகுப்பில் வீணா மேடம், செய்த வேலை, செய்த பிழை, நாளைய வேலை மூன்றையும் தினமும் எழுதிப் பழகச் சொல்வார். எனக்குப் பிழைப் பகுதிதான் எப்போதும் நீளும்.

வலது என்ற சொல் ஏன் மனதில் ஒட்டிக்கொண்டது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். காரணம் இருக்கிறது. முறையாகவே எழுதிவிடுகிறேன்.

டேரில், எரிக், நான் மூவரும் ஒரே ரிமோட் கார் கிளப். பொம்மைக் கார் என்று சொன்னால் கிளப் தலைவர் கிளெமென்ட் அண்ணனுக்குக் கோபம் வரும். கோபத்தில் நியாயம் உண்டு. ஒரு கைக்குழந்தையின் எடை, அறுபது கிலோமீட்டர் வேகம். பெங்களூரில் எலஹங்காவைத் தாண்டி, மண்மேடும் வளைவுமாக எங்களுக்கு ஒரு தடம் இருக்கிறது. கிளப் இந்த வருடம் ஒரே ஒருவரைத் தாய்லாந்துப் பந்தயத்துக்கு அனுப்புகிறது. தரவரிசையில் டேரில் முதல், எரிக் இரண்டாவது, நான் மூன்றாவது. மூன்றாவதாக வருகிறவனை எல்லோருக்கும் பிடிக்கும். அவனால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

டேரிலுக்கு ஒரே குறை. பெரிய மேட்டிலிருந்து காரைப் பறக்கவிட்டு இறக்கும்போது முன்சக்கரத்தின் ஆர்ம் உடைந்துவிடும். சக்கரத்தை உடலோடு இணைத்து மேலும் கீழும் அசையும் துண்டு அது. பிளாஸ்டிக்.

"டேய் ரகு, மறுபடியும் பூட்டுச்சு மச்சா. பீன்யா ஃபேக்டரில மெஷினைக் கட்டிக்கிட்டு அழுவுறியே, ஒரு ஜோடி ஆர்ம் பண்ணிக் குடேன்."

"ஒடையணும்னுதான்டா அதை பிளாஸ்டிக்ல வெச்சிருக்கான். ஃபியூஸ் மாதிரி."

"வந்துட்டாருடா வாத்தியாரு. செய்வியா, மாட்டியா?"

நான் எச்சரித்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளவும். நட்புக்கு மரியாதை கொடுத்துத்தான் செய்தேன். அலுமினியத்தில், பிளாஸ்டிக்கைவிடத் தடிமனாக, கண்ணாடிபோலப் பளபளவென்று. டேரில் அதற்கு முத்தம் கொடுத்தான். வரைபடத்தில் சரியாக இருந்த ஆணி ஓட்டை, வலது ஆர்மில் மட்டும் மயிரிழை தள்ளி விழுந்திருந்தது. சமதரையில் அதனால் ஒன்றும் ஆகாது. மேட்டிலிருந்து விழுந்து முன்பக்கம் முழுதாக அமுங்கும் அந்தக் கணத்தில் மட்டும் சக்கரம் வலப்பக்கம் திரும்பும். இதைப் பிழை என்று எழுதுவதா, வேலை என்று எழுதுவதா என்று அப்போதே குழம்பினேன். குழம்பிக்கொண்டே பொருத்திக் கொடுத்தேன்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம். ஒரு சுற்றில் ஓட்டியவர்கள் அடுத்த சுற்றில் தடத்துக்குள் நின்று, கவிழ்ந்த கார்களை நிமிர்த்திவிட வேண்டும். கார் எண் எதுவோ, நிற்கும் இடமும் அதுவே. எரிக்கின் எண் மூன்று. மூன்றாவது இடம், பெரிய மேட்டுக்கு வலப்பக்கம். கார் வரும் திசைக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது விதி. எரிக்குக்கு எல்லா விதியும் தெரியும். ஆனால் எவனுடைய காராவது கவிழ்ந்தால், பாவம், அவனுக்கு நேரம் போகிறதே என்று ஓடிப்போய்க் குனிந்துவிடுவான். நல்ல மனம். நல்ல மனம் உள்ளவர்களைப் பற்றித்தான் துல்லியமாகக் கணக்குப் போட முடிகிறது.

கால் முறிந்த அன்று அவனும் நானும் முதல் சுற்றில் ஓட்டினோம். இரண்டாவது சுற்று டேரிலுடையது. எரிக் குனிந்திருந்தான். டேரிலின் கார் மேட்டிலிருந்து இறங்கி, சொல்லிவைத்தாற்போல் வலப்பக்கம் திரும்பியது. பம்பருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு காலின் அகலத்துக்கு இடம் உண்டு. எரிக்கின் கால் அதற்குள் மாட்டியது. பிளாஸ்டிக்காக இருந்தால் அங்கே ஆர்ம் உடைந்திருக்கும். அலுமினியம் உடையவில்லை. ஏதாவது ஒன்று உடைந்துதானே ஆக வேண்டும். ஆர்மின் முன் ஓரத்தை நான் அராவி மழுக்கவும் இல்லை. மற்ற எல்லா ஓரங்களையும் மழுக்கியிருந்தேன்.

நான் பக்கத்து இடத்தில் நின்றிருந்தேன். எரிக்கைத் தூக்கியதில் முதல் கை என்னுடையது.

அவனை ஆட்டோவில் ஏற்றிய பிறகு கிளெமென்ட் அண்ணன் காரைப் புரட்டிப் பார்த்தார். "ஒரு கீறல்கூட இல்ல பாருங்கடா. என்னா வேலை." அங்கேயே இரண்டு பேர் தங்கள் காருக்கும் இதேபோல் வேண்டும் என்று கேட்டார்கள். உடையாத பொருளை யாரும் சந்தேகிப்பதில்லை. டேரில் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதான். "என் கைதான்டா. நான்தான் இறக்கத் தெரியாம இறக்கிட்டேன். இனிமே தொடமாட்டேன்." நான் அவன் தோளைத் தட்டி, உன் தப்பு இல்லை என்று சொன்னேன். அன்றைக்கு அங்கே பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான். அவன் நம்பவில்லை.

ஆக, எரிக்கின் காலை முறித்தது நான். டேரிலின் கையால், என் ஆர்மால். இதில் எனக்கு இருக்கும் சந்தேகம் தடிமனைப் பற்றியது மட்டுமே. இவ்வளவு தேவைப்பட்டிருக்காது. மற்றபடி நான் எதையும் பலவீனமாக்கவில்லையே. பலப்படுத்தியவனை யார் குறை சொல்ல முடியும்?

தாய்லாந்துக்கு என் பெயரை எழுதினார்கள். அது நேற்றுவரை.

இன்று காலை கிளெமென்ட் அண்ணன் போன் செய்தார். "ரேஸ் ஜூனுக்குத் தள்ளிப் போச்சு ரகு. ஒரு விதத்துல நல்லதுதான். மே மாசமே எரிக் நடந்துடுவான்னு டாக்டர் சொல்லிட்டாராம். அவனையே அனுப்பிடலாம். உனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?"

"ச்சே, என்னண்ணா நீங்க. அவன்தானே போகணும்."

மாலை விவேக் நகர் போனேன். எரிக்கின் வீடு இரண்டாவது மாடி, செங்குத்தான படி. அவன் அம்மா பிரிஜெட் ஆன்ட்டி காபி கொடுத்தார். எரிக் ஊன்றுகோலை மடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தான். "இறங்கும்போதுதான் மச்சா பயமா இருக்கு. ஸ்டிக் அடியில ஆடுது."

"கடைக்காரன் மாத்தித் தரமாட்டேங்கறான் கண்ணு," என்றார் ஆன்ட்டி. "டேரில் காருக்கு நீ செஞ்சது அவ்ளோ ஸ்ட்ராங்காமே, கிளெமென்ட்டு சொன்னான். இதையும் கொஞ்சம் பாத்துக் குடுப்பா. எம்புள்ளை இதை நம்பித்தான் படி இறங்கணும்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் மறுக்கத் தெரியாதது என் சுபாவம்.

நாளைய வேலை: மதியச் சாப்பாட்டு நேரத்தில் எரிக்கின் ஊன்றுகோலுக்கு அலுமினியத்தில் புது அடித்தண்டு செய்து, சாயங்காலமே கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும்.