சத்தமில்லாத துவக்கு

— பத்து நிமிசம், மென்! ஏழு மாசமா "லெஸ்டர் அண்ணன், புதுசு வந்ததா, புதுசு வந்ததா" எண்டு என்ட உசிரை வாங்கினவனுகள், பத்தே நிமிசத்தில எழும்பிப் போயிட்டானுகள். கடையில இப்ப நீயும் நானும்தான்.

— என்னைப் பார்த்து முறைக்காத மச்சான். காத்தான்குடியில இருந்து கொழும்புக்குப் போய், கடை கடையா ஏறி இறங்கிக் கொண்டு வந்தவன் நான். இப்பிடிப் பாழாப் போன கேம் எண்டு நான் மட்டும் கண்டனா?

— பேர் மட்டும் றெட் கேனல். மூண்டு கேம் வந்தது, ஸாஹிர். மூண்டும் தங்கம். பாலத்தில ஓடினம், படகில பாய்ஞ்சம், ஒவ்வொருத்தன் கையிலயும் ஏழு எட்டுத் துவக்கு. இதில என்ன இருக்கு? ஸ்கிரீன் முழுக்க இருட்டு. ஒரே ஒரு துவக்கு. எதிரி எங்க நிக்கிறான் எண்டே தெரியாம நிண்ட இடத்தில செத்துப் போறம்.

— நாலாவது வரமுதல் பக்கத்தால ஒரு சின்னக் கேம் விட்டிருக்கானுகளாம். கடைக்காரன் செல்லத்தான் செஞ்சான். றெட் கேனல் எண்ட பேரைக் கண்டதும் எனக்குக் காது அடைச்சிட்டு.

— சின்னக் கேமில்ல மென், சுத்த ஏமாத்து.

— லெஸ்டர்! மணி ரெண்டரை. நாலு மணிக்குக் கூரியர்க் கடை பூட்டிருவாங்க. குசினிக்குள்ள இருந்து என்னைக் கத்த வைக்காதீங்க.

— தெரியும், ஜக்கி.

— தெரியும் தெரியும் எண்டு மூண்டு நாளாச் சொல்றீங்க. என்ட தங்கச்சி பேர்னிஸ் நேத்தும் மெல்போர்னில இருந்து கோல் எடுத்தவள். விசாப் பேப்பரில உங்கட கையெழுத்து ஒண்டுதான் மிச்சமாம்.

— போடுறன் எண்டன்தானே!

— மாதாவே, இந்த மனுசனோட!

— இரிடா, நடக்காத. கடையே பத்தடி, அதுக்குள்ள நீ நடந்து நடந்து எனக்குத் தல சுத்துது. அக்கா செல்றதில என்ன பிழை? சண்டை முடிஞ்சு மூண்டு மாசம். உங்கட பறங்கி ஆக்களெல்லாம் ஒவ்வொரு வீடா அவுஸ்திரேலியாவுக்குப் பறக்குறாங்க. நீ என்னத்துக்கு இந்த அஞ்சு கம்பியூட்டரையும் கட்டிப் பிடிச்சிட்டு இரிக்காய்?

— ஹோரேஸ் வந்தா எங்க வருவார், மென்? டச்பார் வீட்டுக்கா? அதைத்தான் கடல் அடிச்சிட்டுப் போயிட்டுதே. இந்தக் கடையும் பின்னால இந்த ரெண்டு அறையும்தான் அவருக்குத் தெரிஞ்ச இடம். என்ட அண்ணன் வந்து பூட்டின கதவைப் பாக்கோணுமா?

— ரெண்டு வருசம் ஆச்சு, லெஸ்டர்.

— சுனாமியில அம்மா போனா. கல்லடிப் பாலத்துக்கிட்ட எடுத்தம், அடக்கினம், அழுதன், முடிஞ்சிது. ஹோரேஸுக்கு எதை வச்சு அழ? விசாரிச்சிட்டு விட்டிருவம் எண்டுதானே கூட்டிட்டுப் போனவனுகள்? போன கிழமையும் பழுகாமத்தில ஒருத்தனை விட்டிருக்கானுகள்.

— அது வேற கதை மச்சான்.

— வந்தானா, இல்லையா?

— வந்தான்.

— பின்ன? ஜக்கிக்கு இது விளங்காது. அவளுக்குப் பறந்தாச் சரி.

— எனக்குக் கேக்குது, லெஸ்டர். டச்பாரில கடல் வரக்குள்ள என்னைத் தூக்கி மதில்ல ஏத்திவிட்டவர் ஹோரேஸ். அவர் வாறதில எனக்கு விருப்பமில்ல எண்டு மட்டும் சொல்லாதீங்க.

— சரி, சரி. வாய் தவறிட்டுது.

— அக்காட கண் கலங்கிட்டுடா. போய் ஒரு வார்த்தை கதை.

— கதைச்சா சைன் பண்ணச் சொல்லுவாள். உண்மையைச் சொல்லவா, ஸாஹிர்? இந்தக் கேம் பிடிச்சா கடை நிரம்பும். நிரம்பினா ஜக்கிக்கிட்டச் சொல்லலாம், "பார், தொழில் நல்லாப் போகுது, இப்ப போக ஏலா" எண்டு. அதுக்குத்தான் உன்னைக் கொழும்புக்கு அனுப்பினன். இதுவும் கையை விரிச்சிட்டுது.

— இரி, இரி. பெட்டியில என்னமோ எழுதி இரிக்கி. காதால விளையாடுங்க எண்டு.

— விளம்பரம்.

— இல்ல மச்சான், யோசிச்சுப் பாரு. இந்தக் கடையில நாம எப்பயாச்சும் சத்தம் வச்சு விளையாடுறமா?

— உனக்கென்ன பைத்தியமா? சுனாமிக்கு அடுத்த வருசம் நடந்தது மறந்திட்டா? ரெண்டாவது கேமை ஸ்பீக்கர்ல அலறவிட்டம். உள்ளுக்கு வெடி, வெளியால துவக்கோட ஆமிக்காரனுகள்.

— மறப்பனா? பதினொரு பேர் நிலத்தில குப்புறக் கிடந்தம். எனக்கு ஓதத் தெரிஞ்ச எல்லாத்தையும் ஓதி முடிச்சிட்டன். ஹோரேஸ் அண்ணன்தான் கையைத் தூக்கிட்டு வெளியால போய், "கேம் சேர், கேம்" எண்டு ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து காட்டினவரு.

— அவன் உக்காந்து அரை மணித்தியாலம் விளையாடினானே, மென்!

— விளையாடிட்டு "நல்ல கேம்" எண்டு வேற செல்லிட்டுப் போனான்.

— அவன் போன கையோட ஹோரேஸ் அஞ்சு ஸ்பீக்கர் வயரையும் வெட்டினார். அண்டையில இருந்து இந்தக் கடையில துவக்குச் சத்தம் போட்டதில்ல.

— அதைத்தான் செல்றன்! முந்தின கேமெல்லாம் கண்ணால விளையாடலாம். இது இருட்டுக் கேம். காலடி கேட்டுத்தான் சுடோணும். நாம காதைப் பொத்திட்டு உக்காந்து கேமை ஏசுறம். எங்க வெட்டின வயர்?

— தொடாத, ஸாஹிர். ஹோரேஸ் வெட்டினது. அவர் வந்து பொருத்தட்டும்.

— சண்டை முடிஞ்சிட்டு, லெஸ்டர். இனி ஆருக்குப் பயம்? ரெண்டு வயரை முறுக்குறன். பிடிக்கல்லயெண்டா நீயே திருப்பி வெட்டு.

— சும்மா கிட எண்டா நீ எப்ப கேட்டிருக்காய்?

— முறுக்கியாச்சு. காதைக் குடு. என்ன கேக்குது?

— தண்ணி.

— கால்வாய். அந்தா, இடப்பக்கம் ஆரோ நடக்கான்.

— ஒருத்தன்தான். மெதுவா வாறான். நிக்கிறான். திரும்ப வாறான்... சுடு, ஸாஹிர், சுடு!

— விழுந்திட்டான்! ஒரே வெடி! காலையில இருந்து இப்பத்தான் ஒருத்தன் விழுந்திருக்கான். எண்டாலும் செல்லோணும் மச்சான், இது மூண்டாவதுக்குக் கிட்டயும் நிக்காது.

— நிக்காட்டி என்ன, மென்! பொடியனுகளுக்குக் கோல் எடு, எல்லாரையும் வரச் சொல்லு! ஜக்கி, கேட்டியா? கடை தப்பிட்டுது! ஜக்கி? உள்ளுக்கு என்ன உடைஞ்சது?

— அக்கா, அசையாதீங்க. காலடியில கோப்பைத் துண்டு கிடக்கு.

— இன்னொருக்கா வை, ஸாஹிர்.

— எதையக்கா?

— இப்ப சுட்டதை.

— வேணாமக்கா. முதல்ல இந்தத் துண்டுகளைக் கூட்டுவம்.

— வை எண்டன்.

— இந்தா, சுட்டாச்சு. போதுமாக்கா?

— போதும். நிப்பாட்டு. தண்ணிக்கு மேலால வாற வெடி இப்பிடித்தான் கேக்கும். லெஸ்டர், அந்தப் பேப்பரை எடுங்க. சைன் பண்ணுங்க.

— என்ன கதைக்கிறாய், ஜக்கி? இப்பத்தான் கடைக்கு உசிர் வந்திருக்கு.

— அண்டைக்கு ஹோரேஸைக் கூட்டிட்டுப் போகக்குள்ள பொழுது படுற நேரம். நீங்க வந்தாறுமூலையில ஆருக்கோ கம்பியூட்டர் பொருத்திட்டு நிண்டீங்க. நான் கதவுக்குப் பின்னால தனிய நிண்டன். அடுத்த நாள் ஓடி வந்து என்னட்ட முதல்ல என்ன கேட்டீங்க?

— வாவிப் பக்கம் வெடிச் சத்தம் ஏதும் கேட்டதா எண்டு கேட்டன். இல்ல எண்டாய். அந்த ஒரு சொல்லைப் பிடிச்சிட்டுத்தானே நான் இவ்வளவு நாளும் உசிரோட இருக்கன்.

— அதுக்குத்தான் அப்பிடிச் சொன்னன், லெஸ்டர்.